பள்ளிக்கூடத்தில் நாங்கள் நட்ட கம்பம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தை இவள் விளையாட்டாகச் சொல்கிறாளே என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். நடந்ததை நடந்தபடி சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூர் கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே எங்கள் ஆரம்பப் பள்ளி. நான் நாலாவது படித்தேன். மத்தியானம் மணி அடித்தால் போதும், நாங்கள் ஆடாத ஆட்டம் கிடையாது. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு வால்பாறை பஸ் ஓட்டுவோம். வளைவுக்கு வளைவு எல்லோரும் சாய்ந்ததில் ஒருத்தி நிஜமாகவே வாந்தி எடுத்தாள்!

அவள்தான் என் உயிர்த்தோழி. ஒரு செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு வால்பாறை எஸ்டேட்டில் லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். நாளை மறுநாள் குடும்பத்தோடு கிளம்புகிறார்களாம்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி சாட்டினால், அதாவது திருவிழா என்று அறிவித்தால், மூன்று கவையாகப் பிரிந்த மரக்கொம்பைக் கோவில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அதைப் பிடுங்குகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

“நாம கம்பம் நட்டுப்போடலாம். அப்பறம் நீ எப்படிப் போவே?” என்றேன்.

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. ஒருவன் வேப்பங்கொம்பை இழுத்து வந்தான்.

“இதுல ரெண்டு கவைதான இருக்குது!”

“இன்னொண்ணச் சேத்துக் கட்டுடா, அம்மன் எண்ணிப் பாத்துட்டா இருக்கப்போறா?”

என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினோம். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்த ஒருத்தி ஓடிப்போய் மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். குழி தோண்டி நட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினோம். லேத் சத்தமே கேட்கவில்லை.

டீச்சர் ஓடி வந்தார். அவர் பின்னாலேயே, டிசி வாங்க வந்த அவளுடைய அப்பாவும்.

“அப்பா, கம்பம் நட்டாச்சு. நான் வரமாட்டேன்!” என்றாள் அவள்.

அவள் அப்பா கம்பத்தைப் பார்த்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டார்.

“ஏனுங்க, கொழந்தைக வெளையாட்டுங்க அது,” என்றார் டீச்சர்.

“வெளையாட்டோ என்னமோங்க டீச்சர், மஞ்சத்தண்ணி ஊத்திப்போட்டாங்களே. தாண்டிக் கூட்டிட்டுப் போக மனசு வரலீங்க.” பிறகு எங்களிடம், “எப்பக் கண்ணு புடுங்கறீங்க?” என்று கேட்டார்.

பிடுங்குவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை! “அடுத்த புதன்கிழமைங்க,” என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

“செரி. நட்டது நீங்க, கட்டு உங்களுக்குத்தான். நான் முன்னால போய்ச் சாமானெல்லாம் எறக்கிப்போடறேன். புதன்கிழமை வந்து கூட்டிக்கறேன்.”

அந்த ஒரு வாரமும் எங்களுக்கு நோம்பிதான். தினமும் தண்ணீர் ஊற்றினோம், ஆடினோம். புதன்கிழமை அவர் வந்து வாசலில் நின்றபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அம்மன் உத்தரவுன்னு சொல்லிப்போடறேன்,” என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். “எங்கப்பன் சாமிக்குக் கட்டுப்பட்டு இத்தன நாள் தனியா இருந்துட்டு வந்துருக்குது. நாம பொய் சொல்லக் கூடாது.”

அவளே போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்தாள். நாங்களும் சேர்ந்து பிடுங்கினோம். பிடுங்கிய கம்பத்தைக் கிணற்றில் விடுவது வழக்கம் என்பதால், பள்ளிக்குப் பின்னால் இருந்த கிணற்றில் டீச்சர் கையாலேயே அதை விடச் சொன்னோம். நோம்பி முடிந்தால் மஞ்சள் நீராட்டு உண்டல்லவா, ஒரு வாளி கரைத்து ஒருவர் மேல் ஒருவர் ஊற்றினோம். டீச்சர் புடவையும் தப்பவில்லை. தலையிலிருந்து மஞ்சள் சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அம்மன் அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள் என்பது என் நம்பிக்கை. இதைப் படித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் மேல் சாமி வந்ததாகக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அந்த மனுசன் பயந்துவிட்டார் என்று குறைத்தும் சொல்ல வேண்டாம். அவர் செருப்பைக் கழற்றினார். அதை அப்படியே சொன்னால் போதும்.