ஏற்றம் எங்களுக்கு, இறக்கம் அவருக்கு

போடியில் ஏலக்காய் வாங்கி அடுக்கும் கிட்டங்கி வைத்திருக்கும் என் அண்ணன் முறைக்காரர், இறக்கத்தில் இரண்டாவது கியர் நிற்காத ஜீப்பை, நிற்காது என்று தெரிந்தே எங்களுக்கு விற்றார். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல எதுவும் இல்லை. பெயரை எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்களுக்குச் சிலமலையில் வீடு, மலை ரோடு ஏறி முடியும் மெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். பெரிய தோட்டக்காரர்கள் மேலேயே ஸ்டோர் கட்டி, அடுப்பு மூட்டிக் காயை உலர்த்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பறித்த பச்சைக் காயை அன்றைக்கே கீழே கொண்டுவந்து வேறொருவர் ஸ்டோரில் உலர்த்த வேண்டும். ஒரு நாள் சாக்கில் கிடந்தால் காய் வெந்து நிறம் மாறிவிடும். வாடகை ஜீப்புக்காரர்கள் பெரிய தோட்டத்து மூட்டைகளை ஏற்றியது போக இடம் இருந்தால்தான் எங்கள் பக்கம் திரும்புவார்கள். இரண்டு வருடம் அவர்கள் வாலைப் பிடித்து அலைந்தோம். பிறகுதான் சொந்த வண்டி வாங்குவது என்று முடிவு செய்தோம். டீசல் வண்டி. ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பலகைத் தொட்டி அடித்த பிக்கப். காலையில் சிலமலைப் பெண்களைக் காய் பறிக்க ஏற்றிப் போகலாம், சாயங்காலம் அவர்களையும் காயையும் இறக்கலாம்.

அப்படி ஒன்று அண்ணனிடம் விலைக்கு இருந்தது. எனக்கு அவர் ஒன்று விட்ட அண்ணன். என் வீட்டுக்காரர் அவரை மச்சான் என்பார். சொந்தக்காரர் என்றதும் என் வீட்டுக்காரருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்கு அப்போதுதான் சந்தேகமே ஆரம்பித்தது. நல்ல வண்டியை எவன் சொந்தத்துக்குள் விற்பான்? குறை இருந்தாலும், நாளைக்கு விசேஷத்தில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று வாங்கினவன்தான் வாயை மூடிக்கொள்வான்.

நானும் பார்க்க வருவேன் என்றேன்.

"வண்டி பாக்குற எடத்துல பொம்பளைக்கு என்ன சோலி?" என்றார் வீட்டுக்காரர்.

"பின்னால உக்காந்து வரப்போறது நானும் அந்தப் பொம்பளைகளுந்தான. நீங்க முன்னால உக்காந்து ஸ்டீரிங்கப் பிடிச்சுக்குவீக."

போடி மெக்கானிக் யாரையும் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னேன். அத்தனை பேரும் கிட்டங்கிக்காரர்களின் வண்டியில் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள், விற்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தேனியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தோம். டிராக்டர், லாரி பார்க்கிறவர். நல்ல கெட்டிக்காரர்.

கிட்டங்கி வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. முன்னால் எலுமிச்சம்பழம், பட்டையாகச் சந்தனம். அண்ணன் "வாத்தா, வாங்க மாப்ளே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் வணக்கம் சொல்லும் முன்னே பானட்டில் கையை வைத்தேன். சுட்டது.

"என்னண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாச்சா?"

"தங்கச்சி போலீசுல சேர்ந்துருச்சா மாப்ளே? கடைக்குப் போய்ட்டு வந்தேன்த்தா. வண்டி ஓடத்தான் செய்யும், ஓடுனா சுடத்தான் செய்யும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறிக் கிடக்கும் டீசல் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதை வைத்துத்தான் அதன் ஆயுசைச் சொல்ல முடியும். ஆறட்டும் என்றேன். ஆறும் வரை காபியும் சீயமும் வந்தன. அதிலும் எனக்குச் சந்தேகம்தான். வண்டி விற்கிற வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் விலை பேசும்போது நாக்கு தடுமாறும். நான் எதையும் தொடவில்லை.

ஆறியதும் ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு சுத்தம். தேனிக்காரர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, புகை முட்டுகிறதா என்று உள்ளங்கையை அதன் மேல் பிடித்தார். முட்டவில்லை. கால் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொன்னேன். துருப்பிடித்த ஓட்டை ஒன்றைத் தார் வைத்து அடைத்திருந்தார்கள். "அது சாரல் பட்டது" என்றார் அண்ணன். கியர் பெட்டிக்குள் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்கி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆயிலை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தேனிக்காரர் விரலில் தேய்த்துப் பார்த்து, "சுத்தமா இருக்கும்மா" என்றார். அண்ணன் முகம் கொஞ்சமும் மாறவில்லை. என் சந்தேகத்தை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்தது மலை ஏற்றிப் பார்ப்பது. மலை ஏறாத வண்டியைப் போடியில் யாரும் வண்டி என்றே சொல்ல மாட்டார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விற்கப்போகும் வண்டியை மலையடியில் இருக்கும் முந்தலிலிருந்து மெட்டு வரைக்கும் வாங்குகிறவர் ஓட்டுவார். மேலே டீ குடித்துவிட்டு, இறக்கத்தில் விற்கிறவர் ஓட்டுவார். கைமாறாத வண்டியைப் பிறத்தியார் மலையிலிருந்து இறக்கினால் விற்கிறவர் வீட்டு லட்சுமியும் கூடவே இறங்கிப் போய்விடுவாள் என்பார்கள். அதனால் விற்கிறவர்தான் இறக்கிக் கொண்டுவந்து, கீழே சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கேள்வி கேட்டால் அவர் குடும்பத்துக்குக் கெடுதல் நினைக்கிறோம் என்று ஆகிவிடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ரோடு காய்ந்திருந்தால் இறக்கத்தில் யாரும் டீசலை எரிக்க மாட்டார்கள். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே உருட்டி வருவார்கள். அண்ணன் மட்டும் இல்லை, மலை ரோட்டில் அத்தனை பேரும் அப்படித்தான்.

வெறும் வண்டி எதுவும் ஏறும் என்று சொல்லி உர மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டினார், பக்கத்தில் அண்ணன். நானும் தேனிக்காரரும் மூட்டை மேல். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு, ஆனால் திணறாமல் ஏறியது. தேனிக்காரர் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் கொதிக்கவில்லை. கியர் அசையவில்லை. மேலே மூட்டைகளை இறக்கிவிட்டோம். அண்ணன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து, இன்ஜினை அணைத்து, பேசிக்கொண்டே பூ மாதிரி இறக்கினார். தேனிக்காரர் சமவெளி ஆள். பள்ளத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தவர் முந்தலில்தான் திறந்தார்.

"என்னத்தா, இப்பவாச்சும் திருப்தியா?" என்றார் அண்ணன்.

சாவியை வாங்கிக்கொண்டோம். வண்டி எங்களுடையது ஆனது.

வாங்கியது மாசியில். கோடை முழுக்க ரோடு காய்ந்து கிடந்தது. உரம், அரிசி, ஆட்கள் எல்லாம் ஏற்றிப் போனோம், உருட்டிக்கொண்டு இறங்கினோம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊரில் என் வீட்டுக்காரரை "டிரைவரண்ணே" என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் பெருமை.

பிறகு மழையும் காய்ப் பறிப்பும் சேர்ந்து வந்தன. மழையில் லோடோடு யாரும் நியூட்ரலில் இறக்க மாட்டார்கள். நனைந்த பிரேக்கை நம்ப முடியாது. கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரிதான் இறக்குவார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தார். தொட்டியில் பச்சைக் காய் மூட்டைகள், அவற்றின் மேல் பெண்கள், அவர்களுக்கு நடுவில் நான். இரண்டாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டே மெதுவாக இறங்கியது. "மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி போறாக. டிரைவரண்ணே, வெரசாப் போங்க, வீட்டுல அடுப்பு பத்த வைக்கணும்" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பு அடங்குவதற்குள் கீழே டக்கென்று ஒரு சத்தம். உறுமல் நின்றுபோனது. வண்டி எதுவும் பிடிக்காமல் ஓட ஆரம்பித்தது.

அவர் திரும்பக் கியரைத் தள்ளினார். கரகரவென்று தேய்ந்ததே தவிர விழவில்லை. பிரேக்கை மிதித்தார். வழுக்கியது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை, முன்னால் வளைவு. "பிடிச்சுக்கங்க ஆத்தா!" என்று ஒரே சத்தம் போட்டு, வண்டியை மலைப்பக்கம் திருப்பி, பாறையோடு உரசவிட்டு, ரோட்டோர ஓடைக்குள் இறக்கி நிறுத்தினார். அவர் அப்படிச் செய்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அந்தப் பெண்களில் ஒருத்தியும் இருந்திருக்க மாட்டாள்.

ஆனால் பலகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கால் பாறைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அடுப்பு பத்த வைக்கணும் என்று கத்தியவள்தான். எலும்பு சேர்ந்தது, முட்டி மடங்கவில்லை. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். சரிவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பறிக்க முடியும். அவளுக்கு அந்த வேலை அன்றோடு போனது.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் நேராக அண்ணன் கிட்டங்கிக்குப் போனோம். சண்டை போடப் போகவில்லை. நடந்ததைச் சொல்லத்தான் போனோம். இரண்டாவது கியரில் இறக்கியபோது என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். முடிக்கக்கூட இல்லை.

"ரெண்டாவதுல இறக்குனா லிவர முழங்கால வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிடணும் மாப்ளே" என்றார் அண்ணன். "விட்டா துள்ளத்தான் செய்யும். நான் எத்தன வருசமா அப்படித்தான இறக்குறேன்."

அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றேன்.

"என்னத்தா தெரியும்? எல்லா வண்டியிலயும் உள்ளதச் சொன்னேன்."

"ஏத்தத்துல துள்ளாது, இறக்கத்துலதான் துள்ளும்னு தெரிஞ்சுதான அன்னைக்கு நீங்க இறக்குனீக?"

"வழக்கத்துக்கு இறக்குனேன். நீ என்னத்தா வக்கீல் மாதிரிப் பேசுற? மாப்ளே, தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க."

மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். சொந்தத்துக்குள் வாய் வளர்க்கக் கூடாது என்று என்னைத்தான் அடக்கினார். அண்ணன் அடங்கவில்லை. அடுத்த வாரமே டீக்கடையில், ஏலக்காய் வியாபாரிகள் நடுவில், "வண்டியில குத்தம் இல்ல, மாப்ளைக்கு மலை ஓட்டம் பத்தாது. பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் பாட்டுக் கேட்டுட்டுப் போனா இப்படித்தான்" என்று சொன்னார். அந்த வண்டியில் பாட்டுப் பெட்டியே கிடையாது. நான் அந்த வியாபாரிகளிடமே போய் நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குக் கியருன்னா என்னன்னு தெரியுமா?" என்று அண்ணன் சொன்னதாகவும், எல்லோரும் சிரித்ததாகவும் எனக்கே வந்து சொன்னார்கள்.

சிலமலையில் எவரும் தங்கள் வீட்டுப் பெண்களை அதன் பிறகு எங்கள் வண்டியில் அனுப்பவில்லை. கியர் பெட்டியைப் பிரித்துத் தேய்ந்த பல்லை மாற்றிவிட்டோம் என்று சொன்னோம். அவர்களுக்குப் பயம் வண்டி மேல் இல்லை, ஓட்டுகிறவர் மேல்தான். அத்தனை உயிரையும் பாறை ஓரமாகத் திருப்பிக் காப்பாற்றியவரை, ஒருத்தி காலை ஒடித்தவர் என்று ஆக்கிவிட்டார்கள். டிரைவரண்ணே என்று கூப்பிட்டவர்கள் பிறகு கூப்பிடவில்லை. அவர் ஸ்டீரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டார். கூலிக்கு ஆள் வைத்து ஓட்டி, எண்பதுகளின் நடுவில் தோட்டத்தையும் விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

கால் மடங்காமல் போனவளை அடிக்கடி பார்ப்பேன். ரோட்டு ஓரத்தில் மாங்காய், கடலை வைத்து விற்றாள். ஒரு நாள் நான் மறுபடியும் கியர் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ அவரச் சொல்ற, அவரு உன் வீட்டுக்காரரச் சொல்றாரு. எனக்கு எந்திரமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது ஆத்தா. காலு என் காலு. யாரு தப்புன்னு என் மூஞ்சிக்கு நேரா ஒருத்தராச்சும் வந்து சொல்றீகளா?"

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

அண்ணே, வருடா வருடம் ஏல விவசாயிகள் கூட்டத்தில் நீங்கள்தான் முன் வரிசையில் உட்காருகிறீர்கள், மைக்கைப் பிடித்து நேர்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த வருடக் கூட்டத்துக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். உங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். மைக்கை அணைக்காமல், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவளுக்குச் சொல்லுங்கள்: அந்தக் கியர் துள்ளும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?