மழைத்துளி வரைக்கும் வாசித்தார்கள்

இன்று திருச்செந்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து அப்படித்தான் கூட்டம்.

பக்கத்து சீட்டில் அக்காளும் தங்கையும். தங்கை வாரப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டிக் கேட்டால், நான் எழுதிய அறிவியல் வரலாற்றுக் கட்டுரை! சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

சிப்பிக்குள் மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்று அந்தக் காலத்தில் நம்பியதை ரசித்து எழுதியிருந்தேன். உள்ளே புகுந்த புழுவையோ வேறெதையோ சுற்றித்தான் முத்து வளர்கிறது என்று பின்னால் கண்டுபிடித்த கதைதான் கட்டுரையே.

அந்தக் கண்டுபிடிப்பு தொடங்கும் இடம் வந்ததும் தங்கை பக்கத்தைப் புரட்டினாள்.

“ஏளா, ஏன் நிப்பாட்டிட்ட?”

“இனி புழு, பூச்சின்னு என்னமோ எழுதிருக்கான்க்கா. நமக்கு எதுக்கு?”

அக்கா பெருமூச்சு விட்டாள். “மழை இல்லாமத்தான் முத்துக்குளிப்பும் நின்னு போச்சு போல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அதை எழுதினது நான்தாம்மா. மழைத்துளி கதை பொய்” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு அண்ணாச்சி அம்புட்டு அழகா எழுதுனீய?”

ஆத்தூரில் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். உங்களுக்குப் பதில் தோன்றினால் சொல்லுங்கள். கட்டுரையைக் கடைசிவரை வாசித்தவர் யாராவது இருந்தால், அவரே முதலில் சொல்லட்டும்.