மத்ரா துறைமுகத்தில் அம்மாவின் கை

கடல் உப்பும் டீசலும் ஏலக்காய்க் காப்பியும் கலந்த ஒரு மணம். மத்ரா என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மஸ்கட்டுக்குப் பக்கத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் துறைமுக ஊர் அது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில், அங்கே வேலை பார்த்த மாமா அம்மாவையும் என்னையும் பதினைந்து நாளைக்கு வரவழைத்தார். எங்கள் ஊர் போடியில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஏலக்காய்க் கடை. காய் பிரிப்பது அம்மாவின் பொறுப்பு. விடிந்ததிலிருந்து மடியில் சொளகை வைத்துக்கொண்டு பெரியது, சிறியது, வெடித்தது என்று அவள் விரல்கள் தள்ளிக்கொண்டே இருக்கும். என்னிடம் பேசும்போதும் பார்வை சொளகில்தான். அந்தக் கை ஒருநாளாவது சும்மா என் தலைமேல் கிடக்காதா என்று நான் ஏங்கியது யாருக்கும் தெரியாது. "அக்கா, இங்க இருக்கற வரைக்கும் நீ ஒரு சோலியும் பாக்கக் கூடாது" என்று மாமா விமான நிலையத்திலேயே சொன்னபோது, அம்மாவைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

பெட்டிக்குள், கிளம்புகிற அவசரத்தில் மாமாவுக்கென்று அத்தா அள்ளிப் போட்ட இரண்டு கிலோ காய் இருந்தது. மறுநாள் காலையிலேயே அம்மா அதைச் சாப்பாட்டுத் தட்டில் கொட்டி, கடல் தெரிகிற சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். "பிரிக்காமக் குடுத்தா நம்ம வீட்டுக்கு அசிங்கம்டி." அது முடிந்ததும் மாமா வீட்டு அடுப்படியில் இருந்த ஏலக்காய் டப்பா. பிறகு சேதி பரவி, மேல்மாடி மலையாளத்துச் சேச்சியும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு டப்பாவோடு வந்தார்கள். கடல் கடந்து போயும் எங்கள் அம்மா கடை திறந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், அவள் தொழ எழுந்த நேரம் பார்த்து, பிரித்து வைத்த குவியல்களையெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டேன். போடியாக இருந்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். திரும்பி வந்தவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டி இப்பிடிப் பண்ணுன?"

"ஒரு நாளாவது என்கூடக் கடல் பாக்க வாம்மா" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா தட்டை மூடி வைத்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "செருப்ப மாட்டு, வெரசா" என்றாள்.

கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு மரம்கூட இல்லாத பழுப்பு மலை. "நம்ம போடிமெட்டு மலதான் இங்க வந்து மொட்டையடிச்சு உக்காந்திருக்கு" என்று அம்மா சிரித்தாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை, இல்லாத காயை என் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தபடியே இருந்தது. கப்பல்களில் விளக்கெரிகிற நேரத்தில் எப்போதோ அது நின்றது. நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. மிச்சமிருந்த பத்து நாளும் சாயங்காலம் அந்தச் சுவருக்குப் போனோம். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

இப்போது போடியில் காய் பிரிக்க மெஷின் வந்துவிட்டது. அத்தா இல்லை, கடையும் கைமாறிவிட்டது. போன வருடம் பக்கவாதத்தில் அம்மாவின் வலது கை விழுந்துவிட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதை மடியில் வைத்துக்கொள்ளலாம், விடுவித்துக்கொண்டு ஓடாது. எனக்கு அது பிடிக்கவில்லை. அது ஒருமுறை அசைந்தால் போதும் என்றிருக்கிறது.

நேற்று கடைத்தெருவில் பிரிக்காத காய் கால் கிலோ வாங்கி வந்து, ஒரு பிடியை அந்த உள்ளங்கையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் அப்படியே கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து அம்மா இடது கையை நீட்டி, அதிலிருந்து வெடித்த காய் ஒன்றைத் தேடி எடுத்து, தனியே வைத்தாள்.