மச்சினன் செய்த டிராயர்

என் மச்சினன் செய்த டிராயர் ஒரு விரலால் இழுத்தாலே வந்துவிடும். இதைத் தினம் ஒரு தடவையாவது என் மனைவி சொல்லிவிடுவாள். தம்பி செய்தது என்றால் அவளுக்கு எல்லாமே தங்கம்.

வரிச்சிக்குடியில் ஒரே சாலையில்தான் அவன் பட்டறையும் என் பட்டறையும். இரண்டு பேருமே வேறு வேலையை விட்டு மரவேலைக்கு வந்தவர்கள். செய்து பார்த்து, கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். திருநள்ளாற்று லாட்ஜ்காரர் ஒருவர் மாதிரிக்கு ஆளுக்கொரு மேஜை கேட்டார். பழகிப் பார்த்து, பிடித்ததைச் செய்தவருக்கு எல்லா அறைக்கும் ஆர்டர். பங்குனி வெயிலில் நான் செய்த டிராயர், மயிரிழை சந்தில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது. அவனுடையதைச் சுற்றி இடைவெளி தெரிந்தது. "எலி குடித்தனம் பண்ணலாம்டா" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் லாட்ஜிலிருந்து போன். "டிராயர் வரவே மாட்டேங்குதுங்க. கோயில் குளத்துல முழுகப் போனவரு பர்ஸு உள்ள மாட்டிக்கிச்சு." ஓடினேன். ஈரத்தில் மரம் ஊதியிருந்தது. ஈர வேட்டியோடு குடும்பமே சுற்றி நின்று பார்க்க, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கடைசியில் மேல்பலகையைப் பெயர்த்துப் பர்ஸை எடுத்தோம். ஆர்டர் மச்சினனுக்குப் போனது.

மரம் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மனைவி.

அடுத்ததில் தாராளமாகச் சந்து விட்டேன். சித்திரையில் அது லொடலொடவென்று ஆடியது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, என்னதான் சூட்சுமம் என்று பட்டறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு குவியல். ஊதியவை, ஆடியவை, இழைத்து இழைத்து அப்பளமாகத் தேய்ந்தவை. எல்லாம் அவன் கெடுத்த டிராயர்கள். மனசு ஆறியிருக்க வேண்டும். வயிறு இன்னும் கூடத்தான் எரிந்தது. அவன் தப்பெல்லாம் கொல்லையோடு போயிற்று. என் தப்பை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"வாங்க மச்சான், என்ன தேடுறீங்க?" பின்னால் நின்றான்.

"வெந்நீர் அடுப்புக்கு விறகு."

"எடுத்துக்கங்க. வீணாப் போனதுதான்."

அத்தனையையும் வண்டியில் கட்டி, மனைவி பார்க்கட்டும் என்றே வாசலில் இறக்கினேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"இவ்வளவையுமா கெடுத்து வச்சிருக்கீங்க? தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."