பத்தாயிரம் தெரியாத மீட்டர்

இன்று காலை என் கணினித் திரையில், வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு பட்டியலின் எண்ணிக்கை மைனஸில் வந்து நின்றது. உருப்படிகள் இருநூற்றுப் பதினைந்து கோடியைத் தாண்டியதும், எண்ணுவதற்கு நாங்கள் ஒதுக்கிய இடம் நிரம்பிக் கணக்கு தலைகீழாகப் புரண்டிருந்தது.

"லிஸ்ட் அனுப்பினவங்க தப்புக்கா," என்றான் பக்கத்து இருக்கை செந்தில்.

எனக்குச் சுருக்கென்றது. விருத்தாசலத்தில் அம்மா வேலை பார்த்த பீங்கான் பட்டறையின் ஈரக் களிமண் வாசம் அந்த ஏசி அறைக்குள் வந்துவிட்டது. அம்மா ஃப்யூஸ் கட்டை அச்சடிக்கும் மெஷினில் இருந்தாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 'டக்'கென்று மீட்டரில் ஓர் எண் ஏறும். திங்களன்று பூஜ்ஜியத்தில் வைத்து, சனியன்று படிப்பார்கள். மீட்டரில் நாலே இலக்கம்.

ஒரு சனிக்கிழமை 9999-க்குப் பிறகு நாலும் பூஜ்ஜியமானதை நான் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"வாரம் பூரா நூத்தி இருவதுதானா? தூங்குனியாம்மா?"

"அச்சடிச்ச கட்டை பலகை பலகையா காயுது சார், எண்ணிப் பாருங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?" பலகைகள் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

அடுத்த வாரம் மீட்டர் சுற்றி வந்ததும், அம்மா மெஷின் காலில் களிமண்ணைத் தொட்டு ஒரு கோடு இழுத்தாள். சனியன்று அந்த ஆள் முதலில் கோட்டைத் துடைத்தார். "மெஷின்ல கிறுக்காத" என்றார். அப்புறம்தான் மீட்டரைப் படித்தார்.

இன்று கணினியில் எண்ணும் இடத்தை இரு மடங்காக்கினேன். திருத்தக் குறிப்பில் எழுதினேன்: "அவர்கள் சரியாகத்தான் அனுப்பினார்கள். எண்ணத் தெரியாதவர்கள் நாம்."