வலது கையில் வைத்த மை

அந்தப் பேட்டையில் "மை டீச்சர்" என்றால் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்தான். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் சாவடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பாள். இரண்டு முறை ஓட்டுப் பெட்டி ஆட்சியை மாற்றியது. மூன்றாம் முறை பீரங்கி வண்டி மாற்றியது. அதன்பின் தேர்தல் ஒழியவில்லை. சீட்டில் இருந்த பெயர்கள்தான் ஒழிந்தன. இந்த முறை தளபதியின் பெயர் மட்டும்தான்.

அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தம்பி. மூன்று வயதில் தாயை இழந்தவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இப்போது லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை ஓட்டுப் போடவில்லை. தேர்தலன்று இரவு அவள் சாவடியிலிருந்து வந்து கேட்டபோது சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

"ஒத்தச் செருப்பை வச்சுக்கிட்டு, பிடிச்சதை எடுத்துக்கோன்னா எப்படிக்கா?"

"நாளைக்கு விரல்ல மை இல்லாதவனை லாரியில ஏத்துறாங்கடா, பாவி!"

"ஏத்தட்டும். ஓசி சவாரி."

சாவடியிலிருந்து முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த மைக்குப்பியை அவள் திறந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வலப்பக்கம் இருந்த கையை வெடுக்கென்று இழுத்து விரலில் கோடு போட்டாள். அவன் உதறவில்லை. அக்காவின் கண்ணீர் தோளில் சொட்டியதுதான் காரணம்.

பகல் முழுக்க ஆயிரம் பேர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எதிரே இருப்பவரின் இடது கை அவளுக்கு வலப்பக்கம். முதுகு காட்டி உட்கார்ந்தவனுக்கோ அது வலது கை. பழகிய கை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பட்டறை வாசலில் சிப்பாய்கள் விரல் பார்த்தார்கள். "ஊருக்கே இடது, துரைக்கு மட்டும் வலதா? யாருடா வச்சது?"

"நானேதான்," என்றான் தம்பி.

தம்பியை லாரியில் ஏற்றிய செய்தி கேட்டு, அக்கா பாதி எழுதிய கணக்கைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அதிகாரியின் மேஜையில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். "ஐயா, வச்சது நான்! என்னைப் பிடிச்சுக்குங்க, அவனை விட்டுடுங்க!"

அதிகாரி தணிந்த குரலில் சொன்னார்: "டீச்சரம்மா, உங்க சாவடியில நூத்துக்கு நூறு, ஒரு குறையும் இல்லைன்னு ரேடியோவுல சொல்லியாச்சு. நீங்க தப்புப் பண்ணினதா எழுதினா, அதையும் மாத்தணும். யாரு மாத்துறது? வீட்டுக்குப் போங்க."

விரலில் வைத்த மை மூன்று மாதத்தில் அழிந்திருக்கும். தம்பி திரும்பவில்லை. மாதம் ஒருமுறை அவள் கொண்டுபோகும் துணிப்பொட்டலத்தைச் சிறை வாசலில் வாங்கிக்கொள்கிறார்கள். அதுதான் அவன் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி.

அடுத்த தேர்தலுக்கும் அவளுக்கு உத்தரவு வந்தது. மறுத்தால் பொட்டலமும் நின்றுவிடும். போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு விரலையும் தொடுமுன், "இது இடது கைதானே, கண்ணு?" என்று கேட்டாள். வரிசை நகரவே இல்லை என்று வெளியே சத்தம் போட்டார்கள்.