அண்ணா போட்டிருந்த தாலிக்கொடி

ஓர் ஆண் தாலிக்கொடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் ஒரேயொரு இடத்தில்தான் கண்டிருக்கிறேன். ஒஸ்லோக் குடாவின் கரைப்பாறையில், குளிர்ச்சட்டைக்கு மேலே பதினொரு பவுண் கொடி மினுங்க, மடியில் தேநீர்ப் போத்தலோடு என் அண்ணா. நீச்சல் தெரியாத மனிதர். அண்ணியும் நானும் தண்ணீருக்குள் இருக்கும் அரைமணி நேரமும் அந்தப் பாறையை விட்டு அசையமாட்டார்.

அண்ணிக்குக் கடலடியில் மூழ்கிப் பார்க்கும் பித்தை ஏற்றிவிட்டது நான்தான். கழுத்தில் நூல் கிடந்தாலும் மூழ்கும் உடையின் கழுத்து ரப்பர் ஒட்டாது, தண்ணீர் உள்ளே வரும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அண்ணி தலையாட்டிவிட்டு, தாலிக்கொடியை ரப்பருக்குள்ளேயே ஒளித்துக்கொண்டு இறங்கிவிட்டார். இருபது மீட்டர் ஆழத்தில் மூழ்கிப்போன ஒரு பழைய மரக்கப்பல் கிடந்தது. விலாச்சட்டங்கள் எங்கும் வெள்ளைக் கடற்சாமந்திகள். கொதிகலனுக்குள்ளிருந்து ஒரு சிங்க இறால் மீசையை நீட்டி எங்களை விசாரித்தது. நான் அதற்கு விளக்கைப் பிடித்தேன். திரும்பினால், அண்ணி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐந்து பாகைக் குளிர்த் தண்ணீர் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வந்தேன்.

கரையில் உதடு நீலமாகி நடுங்கியபடியே, "புருசன் இருக்கேக்கை தாலியைக் கழட்டேலாது. நான் இனிக் கடலுக்கு வரேல்லை" என்றார் அண்ணி. அண்ணா தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு, "அப்ப என்ரை கழுத்திலை போட்டுவிடும். நான் இருக்கிறன்தானே" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான். மேலே வரும்போது அண்ணியின் விரல்கள் விறைத்திருக்கும், கொடியைப் பூட்டும் சுரையைத் திருக வராது. அண்ணாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். "ஒருத்திக்கே எத்தினை தரமப்பா நான் தாலி கட்டுறது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார் அண்ணா. பக்கத்தில் நிற்கும் நோர்வேக்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் சிரிப்பார்கள்.

அண்ணா மாரடைப்பில் போனபின் அண்ணி இரண்டு வருடம் கடல் பக்கமே போகவில்லை. ஒருநாள் ஒஸ்லோவில், புருசெத்திலுள்ள தன் வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "நான் அதைக் கழட்டிக் கழட்டி வைச்சதாலையோ, மச்சாள்?" இரண்டு வருடமும் இதைத்தான் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எங்கை வைச்சனீங்கள், அண்ணி? அண்ணான்ரை நெஞ்சிலைதானே வைச்சனீங்கள்!" என்றேன். அண்ணி தண்ணீர்க்குழாயை மூடிவிட்டு, ஈரக் கையால் என் கையைப் பிடித்தார்.

போன சனிக்கிழமை மறுபடி இறங்கினோம். கொதிகலன் கொஞ்சம் சரிந்திருந்தது, மீசைக்காரர் உள்ளேதான் இருந்தார். அண்ணியின் உடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை. கரையேறியதும் அவர் நேரே அந்தப் பாறைக்கு நடந்தார். முன்னால் போய், பழக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் பாறையில் வைத்துவிட்டுப் போயிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவர் கழுத்தில் சுற்றி, பிடரியில் முடிச்சுப் போட்டேன். அண்ணி நிமிரவில்லை.

"எத்தினை தரமெண்டு கேளன்" என்றார்.